கட்டுவதற்கு முன்பே மழையில் நனைந்த புல்: எது தீவனமானது, எது தோட்டத்துக்குப் போனது

கடைசிப் புல்கட்டையும் போன வாரம் பிரித்துப் பார்த்துவிட்டேன். நடுவில் கைவிட்டு அள்ளியபோது பச்சை மங்கி வைக்கோல் நிறத்துக்கு வந்திருந்தது, ஆனால் பூசணம் இல்லை, உதறினால் தூசி பறக்கவில்லை. தேயிலைத் தூள் டப்பாவைத் திறந்தால் வருமே, அந்த வாசம். வீட்டில் இரண்டு முயல்களும் தின்கின்றன. ஒரு முழு மழையில் ஊறிய புல் இந்த நிலைக்கு வரும் என்று பண்ணையில் யாரும் நினைக்கவில்லை, அதனால்தான் நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

சிங்கப்பூரில் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் முயல் வளர்ப்பவர்களுக்கு இந்தச் செலவு தெரியும். முயலின் சாப்பாட்டில் பெரும்பகுதி காய்ந்த புல்தான், அது இல்லாவிட்டால் பல்லும் வயிறும் கெட்டுவிடும். இங்கே கிடைக்கும் திமோத்திப் புல் முழுக்க வெளிநாட்டிலிருந்து வருவது, நான் வாங்கும் பாக்கெட் கிலோ 16 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அளவில் வருகிறது. கிராஞ்சியில் என் பெரியப்பா மகன் ஒரு காய்கறிப் பண்ணையைப் பார்த்துக்கொள்கிறார். அங்கே வேலி ஓரமெல்லாம் கினியாப் புல் ஆள் உயரத்துக்கு நிற்கும். வெப்ப நாடுகளில் முயல் வளர்ப்பவர்கள் இந்தப் புல்லைக் கொடுப்பது வழக்கம்தான். மருந்து அடிக்காத ஓரமாகப் பார்த்து வெட்டிக் காயவைத்தால் என்ன என்று தொடங்கினேன்.

பூ வருவதற்கு முன் வெட்ட வேண்டும். பூத்துவிட்டால் தண்டு முற்றிவிடும், விதையும் சேர்ந்து வரும், அந்த விதை பின்னால் தோட்டத்தில் என்ன பாடு படுத்தும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். காலை பத்து மணிக்குப் பனி ஈரம் போன பிறகு, தோளில் மாட்டும் புல்வெட்டும் மெஷினால் வெட்டினோம். தராசில் போட்டபோது பச்சையாக 60 கிலோ. பச்சைப் புல்லில் நாலில் மூன்று பங்குக்கு மேல் தண்ணீர்தான், ஆகவே கடைசியில் 15 கிலோ தேறும் என்பது கணக்கு.

சிமெண்டுத் தரையில் நேரடியாகப் போடாமல், பழைய பேலட்டுகளின் மேல் பிளாஸ்டிக் வலை விரித்து அதில் பரப்பினேன். பத்து சென்டிமீட்டர் கனத்துக்கு மேல் போகவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பிரட்டிப் போட வேண்டும். முதல் நாள் ஈரம் வேகமாக இறங்கும், அப்புறம்தான் சிக்கல். கினியாப் புல்லின் இலை நொறுங்கும் அளவுக்குக் காய்ந்துவிடும், தண்டு அப்படியே இருக்கும். கணுவை நகத்தால் கீறினால் ஈரம் கசியும். கையில் அள்ளிப் பார்த்து 'காய்ந்துவிட்டது' என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இலையைத்தான் தொடுகிறார்கள்.

கையை நம்ப வேண்டாம் என்று மைக்ரோவேவ் கணக்குக்குப் போனேன். இதைச் செய்வது சுலபம். பல இடத்திலிருந்து இலை, தண்டு, கணு எல்லாம் கலந்து எடுத்து, கத்தரியால் நறுக்கி, சமையல் தராசில் சரியாக 100 கிராம் நிறுக்க வேண்டும். ஒரு குவளை தண்ணீரையும் உள்ளே வைத்துவிட்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு நிறுக்க வேண்டும். மறுபடி அரை நிமிடம், மறுபடி நிறுவை, எடை குறையாமல் நிற்கும்வரை. தண்ணீர்க் குவளை இல்லாவிட்டால் புல் கருகும், பற்றிக்கொள்ளவும் கூடும். பக்கத்தைவிட்டு நகரக் கூடாது. 100 கிராம் 73 ஆக நின்றால் ஈரம் 27 சதவீதம். இரண்டாம் நாள் சாயங்காலம் எனக்கு வந்தது இந்த எண்தான். சிறிய கட்டாகக் கட்ட 18 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும், பெரிய கட்டு என்றால் இன்னும் குறைவாக இருக்க வேண்டும். இன்னொரு மத்தியான வெயில் கிடைத்தால் போதும் என்று மேலே தார்ப்பாய் போட்டுக் கட்டிவிட்டுக் கிளம்பினோம்.

ஜூனிலிருந்து செப்டம்பர்வரை தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், சுமத்ரா பக்கமிருந்து விடியற்காலையில் பலத்த காற்றோடு ஒரு மழை வரும். அன்றைக்கும் அதுதான் வந்தது. காற்று தார்ப்பாயின் ஒரு முனையைக் கிழித்துத் தூக்கியது, இரண்டு மணி நேரம் கொட்டித் தீர்த்தது. அங்கே தங்கி வேலை செய்யும் புதுக்கோட்டைத் தம்பி விடிந்ததும் போன் செய்தார்: "அக்கா, புல்லு பூரா ஊறிப்போச்சுக்கா. அள்ளி எருக்குழியில போட்டுரவா?"

போட வேண்டாம், அதேநேரம் குவித்தும் வைக்க வேண்டாம் என்றேன். குவித்து வைக்காததுதான் முக்கியம். எங்கள் அம்மா திருவாரூர்ப் பக்கம். ஈர வைக்கோலைப் போரில் ஏற்றினால் போர் உள்ளிருந்தே பற்றும் என்று சின்ன வயதிலிருந்து சொல்லிக் கேட்டிருக்கிறேன். காரணம் எளிது: வெட்டிய பிறகும் புல் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கிறது, ஈரம் 40 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால்தான் அது அடங்கும். அதோடு பூசணமும் பாக்டீரியாவும் சேர்ந்துகொள்ளும். எல்லாம் சூட்டைக் கிளப்பும், குவியலின் நடுவிலிருந்து சூடு வெளியேற வழி இருக்காது.

மழை எப்போது விழுந்தது என்பதைப் பொறுத்துத்தான் சேதம். வெட்டிப் போட்ட அன்றே மழை வந்தால் பெரிய நட்டம் இல்லை, பச்சைப் புல் தண்ணீரைச் சீக்கிரம் உள்ளே விடாது. பாதிக்கு மேல் காய்ந்த பிறகு வரும் மழைதான் கெடுதல். காய்ந்த இலை தண்ணீரை உறிஞ்சும், உள்ளே இருந்த சர்க்கரையும் பொட்டாசியமும் கரைந்து ஓடும். நார் அப்படியே இருக்கும், ருசியும் சத்தும் குறையும். எனக்கு நடந்தது இந்த இரண்டாவது வகை.

பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தபோது மேல் வரிசைப் பேலட்டுகளில் தண்ணீர் வடிந்துவிட்டிருந்தது. தாழ்வான மூலையில் தார்ப்பாயின் பள்ளத்தில் தேங்கிய தண்ணீர் மொத்தமாகச் சரிந்து விழுந்து, புல் பாய் பின்னியதுபோல் ஒட்டிக் கிடந்தது. உடனே உதறிப் பிரட்டவில்லை. பேலட்டுகளின் ஒரு பக்கத்தைச் செங்கல் வைத்துத் தூக்கி வடியவிட்டு, மேல்பரப்பு காயும்வரை விட்டுவைத்தோம். சொட்டச் சொட்ட இருக்கும்போது கிளறினால் மேலே இருக்கும் தண்ணீர்தான் கீழே போகும். ஒரு மணி நேரம் கழித்துக் கவைக்கோலால் மெதுவாகத் தூக்கி, ஒட்டியதை மட்டும் கையால் பிரித்துப் போட்டோம். வேகமாக உதறினால் இலையெல்லாம் உதிர்ந்து வெறும் தண்டுதான் மிஞ்சும். இதற்கு நேரம் பிடிக்கும். இடுப்பும் வலிக்கும். ஆனால் அன்றைய வேலையில் பலன் கொடுத்தது இதுதான்.

தாழ்வான மூலையில் எடுத்த மாதிரி 100 கிராம் 41 ஆக நின்றது. அதாவது 59 சதவீத ஈரம்.

அன்று சாயங்காலம் எல்லாவற்றையும் தகரக் கொட்டகைக்குள் தூக்கினோம். இரவு முழுவதும் ஒரு பெரிய ஃபேனை, 120 வாட், பேலட்டுக்கு அடியில் காற்று போகும்படி வைத்து ஓடவிட்டேன். காய்ந்துவிடும் என்று எதிர்பார்த்தேன், காயவில்லை. ஒன்பது வெள்ளிக்கு வாங்கிய ஈரப்பதமானியை இரவில் போய்ப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது: காற்றின் ஈரப்பதம் 94 சதவீதம். சிங்கப்பூரில் விடிவதற்கு முன் 90க்கு மேலே போவதும், மழையில்லாத மத்தியானத்தில் 60 அளவுக்கு இறங்குவதும் அன்றாடம் நடப்பது. 90க்கு மேல் ஈரமுள்ள காற்றை எவ்வளவு ஊதினாலும் கட்டும் அளவுக்குப் புல் காயாது, காய்ந்த புல்லாக இருந்தால் திரும்ப வாங்கிக்கொள்ளும். ஆனால் ஃபேன் வீண் போகவில்லை. சமையலுக்கான நீளமுள் தெர்மாமீட்டரைச் செருகிப் பார்த்தபோது ஃபேன் காற்றுப் பட்ட புல் 30 டிகிரியைத் தாண்டவில்லை, ஃபேனுக்கு எட்டாமல் ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்த சின்னக் குவியல் அதே இரவில் 41க்குப் போயிருந்தது. இரவு ஃபேன் காயவைப்பதற்கு அல்ல, சூடேறாமல் தடுப்பதற்கு. பத்து மணி நேரத்துக்கு 1.2 யூனிட், யூனிட் 30 காசு என்றால் 36 காசுதான்.

மறுநாள் காலை பதினொன்றுக்கு மேல்தான் வெளியே எடுத்தோம். பனிக்காற்றில் ஏழு மணிக்கே விரித்துவைப்பது வேலையைக் கூட்டுவதுதான். மத்தியானம் மூன்று மணிக்கு, மேல் வரிசையில் 34 சதவீதம். அதற்கு அடுத்த நாள் நல்ல வெயில், அதே நேரத்துக்கு 17. நடு வரிசை 26ல் நின்றுவிட்டது, அதற்கப்புறம் மேகம் மூடிக்கொண்டது. தாழ்வான மூலையில் கிடந்ததைப் பார்த்தவுடனே தெரிந்தது: தண்டுகள் கறுத்து, இலைக்கு அடியில் வெள்ளையாகப் பொடி.

இங்கேதான் பிரிக்க வேண்டும். நனைந்த புல்லை மொத்தமாக வைத்துக்கொள்வது, மொத்தமாகத் தூக்கிப் போடுவது, இரண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை. கறுப்பு பிளாஸ்டிக் ஷீட் ஒன்றை வெயிலில் விரித்து, ஒவ்வொரு பிடியாக அதன் மேல் உதறினேன். நல்ல புல்லிலிருந்து இலைத் துணுக்கு விழும், பச்சையாகவோ பழுப்பாகவோ கண்ணுக்குத் தெரியும். பூசணம் பிடித்ததிலிருந்து சாம்பல் நிறத்தில் மெல்லிய புகை எழும்பி வெயிலில் தொங்கும், ஷீட்டில் விரலால் கோடு இழுத்தால் தடம் தெரியும். இந்த வேலைக்கு என்95 முகக்கவசம் கட்டாயம், புகைமூட்டக் காலத்தில் வாங்கிவைத்தது எல்லார் வீட்டிலும் இருக்கும். பூசணப் புல்லின் தூசியை ஆண்டுக்கணக்கில் சுவாசித்த விவசாயிகளுக்கு நுரையீரல் நோய் வருவது நன்றாகத் தெரிந்த விஷயம். நம்முடையது சின்ன வேலைதான், ஆனாலும் தம்பிக்கும் ஒன்று கொடுத்துப் போடச் சொன்னேன்.

மூக்கால் ஆழமாக இழுத்து முகர்ந்து பார்க்கும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். கொஞ்சத்தைக் கையில் கசக்கித் தள்ளிப் பிடித்தாலே புளித்த நாற்றமோ மக்கிய நாற்றமோ தெரிந்துவிடும்.

கட்டுவதற்கு ஒட்டுப்பலகைத் துண்டுகளில் ஒரு பெட்டி அடித்திருந்தேன்: உள்ளளவு 45 சென்டிமீட்டர் நீளம், 35 அகலம், 30 உயரம். அடியில் இரண்டு சணல் கயிற்றைக் குறுக்கே போட்டுவிட்டு, புல்லை மடித்து மடித்து அடுக்கி, மேல் பலகையை வைத்து ஏறி நின்று அமுக்கிக் கயிற்றை முடிச்சிட்டால் ஒரு கட்டு மூன்றரை கிலோ வருகிறது. மூன்று மணிக்கும் நாலரைக்கும் இடையில்தான் கட்டினேன், காலையில் கட்டியிருந்தால் அதே புல் சில சதவீதம் கூடுதல் ஈரத்தோடு உள்ளே போயிருக்கும்.

17 சதவீதத்தில் கட்டியவை முதலில் 34 டிகிரி வரை ஏறி, பிறகு கொட்டகையின் சூட்டுக்கே இறங்கிவிட்டன. கட்டிய பிறகு கொஞ்சம் சூடேறி அடங்குவது இயல்பு. நடு வரிசையின் 26 சதவீதப் புல்லில் ஒரு கட்டைச் சோதனைக்காகவே தனியாகக் கட்டி, வெளியே சிமெண்டுத் தரையில் வைத்தேன். அது 43க்குப் போய் அங்கேயே நின்றது. பிரித்தபோது ஓரம் நன்றாக இருந்தது, நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளைப் பூசணம், புல் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு கட்டுக்கும் வித்தியாசமே தெரியாது. விலைக்கு வாங்கும் புல்லையும் அன்றிலிருந்து நடுவில் பிரித்துப் பார்த்துத்தான் போடுகிறேன்.

மூன்றரை கிலோ கட்டு தீப்பிடிக்காது, சூடு வெளியே போய்விடும். பெரிய பண்ணைகளில் நூற்றுக்கணக்கான கிலோ எடையுள்ள கட்டுகளை அடுக்கி வைக்கும்போது கதை வேறு. 50 டிகிரிக்குள் இருந்தால் கவலை இல்லை. 65ஐத் தொட்டால் அடிக்கடி அளக்க வேண்டும். 80ஐ நெருங்கினால் தீயணைப்பாளர்களை அழைக்காமல் அடுக்கைப் பிரிக்கவே கூடாது, உள்ளே காற்றுப் பட்டவுடன் பற்றிக்கொள்ளும். கட்டிய முதல் ஆறு வாரம்தான் ஆபத்தான காலம். ஈரமாகவே கட்ட நேர்ந்தால் அங்கெல்லாம் பூசணத்தைத் தடுக்கும் புரோபியானிக் அமிலம் தெளித்துக் கட்டுகிறார்கள், அல்லது 50 சதவீத ஈரத்திலேயே கட்டி, காற்றுப் புகாமல் பிளாஸ்டிக்கால் சுற்றி ஊறுபுல்லாக்கி மாட்டுக்குக் கொடுக்கிறார்கள். அயர்லாந்து, நியூசிலாந்து மாதிரி மழை நாடுகளில் இது சாதாரணம். டிரம்மில் அடைத்து நாமும் அதைச் செய்யலாமா என்று அண்ணன் கேட்டார். மழையில் சர்க்கரை கரைந்துபோன புல் சரியாகப் புளிக்காது, புளிக்காமல் அழுகினால் முயலுக்கு அது விஷம். வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

நடு வரிசையில் மிச்சம் இருந்தது ஐந்து கிலோ. அது பூசணம் பிடிக்கவில்லை, காய்ந்தும் முடியவில்லை. தீவனத்துக்குத் துணிவில்லை. அதை வெண்டைக்கும் கத்தரிக்கும் மூடாக்காகப் போட்டோம், தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, ஐந்து சென்டிமீட்டர் கனத்துக்கு. இங்கே இடிமழை மண்ணை அடித்து இலையில் தெறிப்பது பெரிய தொல்லை, அது நின்றது. தண்ணீர் விடுவதும் குறைந்தது. நத்தைகள் அடியில் வந்து தங்கின, காலையில் தூக்கிப் பார்த்துப் பொறுக்க வேண்டியிருக்கிறது. அப்புறம் அந்த விதை விஷயம். வேலியின் ஒரு மூலையில் புல் ஏற்கெனவே பூத்திருந்தது, அதை ஒதுக்காமல் சேர்த்து வெட்டியதில் கத்தரிப் பாத்தியில் கினியாப் புல் முளைத்து நிற்கிறது. சிறிதாக இருக்கும்போதே பிடுங்கிவிட வேண்டும், வேர் இறங்கிவிட்டால் மண்வெட்டிதான்.

கறுத்துப்போன மூன்று கிலோ சொச்சம் எருக்குழிக்குப் போனது. கோழி எரு ஒரு அடுக்கு, நறுக்கிய புல் ஒரு அடுக்கு. தீவனத்துக்குக் கெடுதலான அதே சூடு இங்கே நல்லது. இரண்டாம் நாளே 58 டிகிரி, விதைகளும் இதில் வெந்துவிடும். எருவுக்கு ஈரம் வேண்டும், ஆனால் மேலே தண்ணீர் தேங்கும்படி தார்ப்பாய்ப் பள்ளம் எதுவும் விடக் கூடாது, கொசு வந்துவிடும்.

முயலுக்குத் தேறியது ஏழு கிலோ. முதலில் ஒரு பிடி மட்டும் வைத்துப் புழுக்கை எப்படி இருக்கிறது என்று பார்த்துப் பிறகுதான் கூட்டினேன். பெரியது தயங்காமல் தின்றது. சின்னது இலையைத் தின்றுவிட்டுத் தடித்த தண்டை ஒதுக்குகிறது. இன்றுவரை திமோத்தி பாதி, இது பாதி என்று கலந்துதான் கொடுக்கிறேன், மழையில் சத்து போன புல்லை மட்டும் நம்ப மனம் வரவில்லை.

செலவு: வலை 12 வெள்ளி, தார்ப்பாய் 18, தெர்மாமீட்டர் 14, ஈரப்பதமானி 9, சணல் கயிறு 4, ஃபேனுக்கு மின்சாரம் 3க்குள். மொத்தம் 60 வெள்ளி. ஏழு கிலோ திமோத்திக்கு 112 கொடுத்திருப்பேன். உழைப்பைக் கணக்கில் சேர்த்தால் இது கட்டுப்படியாகாது, ஆனால் தார்ப்பாய் தவிர மற்ற சாமான்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன.

அடுத்த வெட்டு பிப்ரவரியில். வடகிழக்குப் பருவக்காற்றின் ஈரமான பகுதி ஜனவரியோடு பெரும்பாலும் முடிந்து, பிப்ரவரியிலும் மார்ச் தொடக்கத்திலும் காற்றும் வெயிலுமாக ஒரு வறண்ட இடைவெளி வரும். ஏப்ரல், மே மாதங்களில் மத்தியான இடிமழை, இந்த வேலையை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. தண்டைக் காயப்போடுவதற்கு முன்பே மரச்சுத்தியால் தட்டி நசுக்கிவிடப் போகிறேன், தண்டும் இலையும் ஒன்றாகக் காய்ந்தால் ஒரு நாள் மிச்சமாகும். பெரிய பண்ணைகளில் இதற்கென்றே உருளை வைத்த மெஷின் இருக்கிறது. ஒரே தடவையில் 60 கிலோ வெட்டுவதும் இல்லை, கொட்டகைக்குள் எவ்வளவு அடங்குமோ அவ்வளவுதான். தார்ப்பாயைத் திறந்தவெளியில் நம்புவதைவிட, சாயங்காலம் மொத்தத்தையும் உள்ளே தள்ளிவிடுவது மேல். அதற்காகப் பேலட்டுகளுக்குச் சக்கரம் பொருத்துகிறோம். அண்ணன் ஒரு பழைய டிராலியின் அடிச்சட்டத்தை எடுத்து வைத்திருக்கிறார், நாலடி அகலம், கொட்டகைக் கதவில் இரண்டு பக்கமும் மூன்று விரல் இடம் விட்டு நுழைகிறது.